திருத்துபவர்

இடம் தீர்ந்துவிட்டது என்று
பதினோரு நாளாகச் சொல்கிறது போன்.
காசு கொடுத்து வாங்கிய இடம்தான்.
ஒரு கல்யாணம், ஒரு பிரசவம், ஒரு வழக்கு
அதற்குள் அடங்கவில்லை.

மஞ்சக்குப்பம் ஆபீசில்
சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்துபோனதும்
கம்ப்யூட்டரில் திறந்தேன் அந்த ஃபோல்டரை.
பெயர்: வீடு.
உரிமையாளர்: நான்.
திருத்துபவர்: அருள் மிஷேல்.

தீர்ப்பு வந்து ஏழு மாதம்.
பீரோவைப் பிரித்தோம், ஸ்கூட்டரை விற்றுப் பிரித்தோம்,
நிலானியைக்கூட
சனி ஞாயிறு உனக்கு, மிச்சம் எனக்கு என்று பிரித்தோம்.
இது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை,
வக்கீலுக்கும்.

போனில் பார்த்தால் எல்லாம் நகம் அளவுச் சதுரங்கள்.
கம்ப்யூட்டரில் வரிசை இருக்கிறது, தேதி இருக்கிறது, எடை இருக்கிறது.
எடை பார்த்து அடுக்கினேன்
துறைமுகத்தில் மீன் பிரிப்பதுபோல,
பெரிசு மேலே.
கல்யாண வீடியோ மூன்று.
திறந்து பார்க்கவில்லை.
ஒரே கல்யாணத்துக்கு ஒன்று போதாதா?
இரண்டை அழித்தேன்.

மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டே போனைப் பார்க்கிறேன்,
மூன்றும் இருந்தன.

குப்பைத்தொட்டி முப்பது நாள் பொறுக்கும்.
அதற்குள் கையை விட்டு
எடுத்துவைத்திருக்கிறான்
இரவு 2.10க்கு, முத்தியால்பேட்டையிலிருந்து.

அழித்தேன். எடுத்தான்.
அழித்தேன். எடுத்தான்.
ஒரு வார்த்தை பேசாமல் போட்ட சண்டைகளில்
இதுதான் நீளம். ஐந்து நாள்.

ஞாயிறு சாயங்காலம்
பிள்ளையைக் கூட்டிக்கொண்டு
புதுச்சேரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் முடிவெடுத்தேன்.
அவன் பெயரைத் தொட்டு
திருத்துபவர் என்பதைப் பார்வையாளர் ஆக்கிவிடுவது.
பார்க்கட்டும். கை வைக்க வேண்டாம்.

ஆல்பேட்டையில் நிறுத்தினார்கள்.
ஒரு போலீஸ்காரர் ஏறி
பைகளை அமுக்கினார்,
ஒருத்தர் காலடியில் இருந்த எண்ணெய் டின்னைக் குலுக்கினார்,
நிலானியின் வாட்டர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து
தலையைத் தட்டிக் கொடுத்தார்.
என் மடியில்
பிரெஞ்சில் எழுதி முத்திரை குத்திய அவர்கள் குடும்பப் பதிவேடு,
இவள் பிறப்புச் சான்றிதழ்,
என் கழுத்தெலும்பு எக்ஸ்ரே,
அவன் வாங்கி நான் கட்டிய கடன் பத்திரம் நான்கு பக்கம்,
எல்லாம் வெளிச்சம் போட்டுக்கொண்டு
எல்லை தாண்டின.
அவர் கேட்கவில்லை.
டவர்தான் கேட்டது, அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று.
வட்டம் சுற்றியது. நின்றது.
மறுபடி சுற்றியது.

பட்டியல் வந்து சேர்ந்தபோதுதான் கவனித்தேன்,
வெறும் எண்களாகக் கிடந்தவற்றுக்கு
ராத்திரி ராத்திரியாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.
20190314_0712 இருந்த இடத்தில்
‘தடுப்பூசி, ஒன்பதாம் மாதம், வலது கை, அழவில்லை’.
ஸ்கேன் 4 இருந்த இடத்தில்
‘கேஸ் புத்தகம், உன் பெயருக்கு மாற்றியது’.
மூன்று வீடியோவில்
முதலிரண்டும் பழைய எண்ணோடே இருந்தன.
மூன்றாவது:
‘உன் அப்பா எடுத்தது. படம் ஆடும். குரல் இருக்கு’.

சில்லறை இருக்கா என்றார் கண்டக்டர்,
டிக்கெட் போட்டு முக்கால் மணி ஆகியும்.
பாக்கி தர வேண்டியது அவர்தான்.
அதைச் சொல்லக்கூட
எனக்குக் குரல் வரவில்லை.
நிலானி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து
முதலிரண்டு வீடியோவை அழித்தேன்.
மறுநாள் பார்த்தேன்.
அதற்கடுத்த நாளும்.
திரும்பி வரவில்லை.

மூன்றாவதை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.
ஹெட்போன் வாங்க வேண்டும்.

அவன் திருத்துபவராகவே இருக்கிறான்.
யாரும் எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.
இன்னும் நானூற்றுச் சொச்சம் படங்களுக்குப்
பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.