நிலுவை: பதினான்கு பலகை

காலை ஐந்து மணிக்கு லொறித் தடை நீங்கும்.
அதற்கு முன்பே ஜேர்மன் பக்கம்
நெடுஞ்சாலை முழுக்கச் சிவப்பு விளக்கு.
சாரதிகள் பல் துலக்கித் துப்புகிறார்கள்,
ஒரு நாட்டில் நின்றுகொண்டு
இன்னொரு நாட்டைப் பார்த்து.

நான் பாசலில், மூன்றாம் மாடியில்,
சரக்குகளுக்கு எண் போடுகிறவள்.
உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் எட்டு இலக்கம் உண்டு.
குதிரைக்கு உண்டு. குதிரைமயிருக்குத் தனியே உண்டு.
பொய்ப்பல்லுக்கு உண்டு.
கோபத்துக்கு என்ன எண் என்று கேட்டார் என்னவர்.
எடையைச் சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

இன்றைய முதல் லொறி:
கறுங்காட்டு ஊற்றுத் தண்ணீர், இருபத்து நான்கு தொன், தெற்கே.
ஏழாவது லொறி:
அல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர், இருபத்து மூன்றரைத் தொன், வடக்கே.
இரண்டுக்கும் ஒரே எண்.
பாலத்தின்மேல் ஒன்றை ஒன்று கடந்திருக்கும்,
சாரதிகள் கையைத் தூக்கியிருப்பார்கள்.
கீழே ரைன்
ஒரு தாளும் இல்லாமல்
போய்க்கொண்டிருந்தது.

இதில் யாருக்கு என்ன லாபம் என்று
சேர்ந்த புதிதில் கேட்டேன்.
"உனக்குச் சம்பளம்" என்றார் முதலாளி பூர்கின்.

சனிக்கிழமை நானும் எட்டாம் எண் ட்ராமில் ஏறி
வைல் போகிறேன். யார்தான் போகவில்லை?
ஆளுக்கு ஒரு கிலோ இறைச்சி, மிஞ்சினால் தீர்வை.
மகனுக்கு நான்கு வயது;
அவன் பெயரில் ஒரு கிலோ கோழி எல்லை தாண்டுகிறது.
பச்சைத் தாளில் முத்திரை குத்த வரிசை.
எனக்கு மூன்று பேர் முன்னால் பூர்கின்,
கையில் பன்னிரண்டு பற்பசை.
'உள்ளூரில் வாங்குவோம்' என்று
அவர் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.
பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டோம்.

சரக்குக்குக் காசு. அதை வங்கி பார்த்துக்கொள்ளும்.
பலகை அப்படியல்ல.
முப்பத்து மூன்று மரப்பலகைமேல் சரக்கு வந்தால்
முப்பத்து மூன்று வெறும் பலகை திரும்பிப் போகவேண்டும்.
பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை
நாங்கள் வெறுமையாய்த் திருப்பித் தருவதில்லை,
ஒரு துண்டு பனங்கட்டியாவது போட்டுத்தான்.
இங்கே வெறும் கிண்ணத்தைத்தான்
எண்ணி எண்ணி வாங்குகிறார்கள்.

அந்தப் பக்கம் ப்ரோம்பாஹர்.
பதினொரு வருடமாய்க் குரல் மட்டும்.
எங்களுக்கு அவர் தரவேண்டியது பதினான்கு பலகை.
வெள்ளிதோறும் கேட்பேன்.
"ஆறு உடைந்துவிட்டது."
"படம் இருக்கிறதா?"
"மழையில் நனைந்த படம் இருக்கிறது."
"பலகையா?"
"நான்."

கொரோனா வசந்தத்தில்
தெருக்களின் குறுக்கே கம்பிவேலி வைத்தார்கள்.
எட்டாம் ட்ராம் எல்லையில் நின்று திரும்பியது.
தண்ணீர் போகலாம், பற்பசை போகலாம்,
வைலில் தங்கை இருக்கிற பெண் போக முடியாது.
அப்போதும் வெள்ளிக்கிழமை மணி அடித்தது:
"பதினான்கும் பத்திரமாக இருக்கின்றன.
நீங்கள்?"

போன மாதம் எடுத்தது வேறு குரல், இளசு.
ப்ரோம்பாஹர் ஓய்வில் போய்விட்டாராம்.
கோப்பில் பதினான்கு என்று ஒன்றும் இல்லையாம்.
தேடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.
"கழித்துவிடு" என்றார் பூர்கின்,
"பழைய மரம், நூற்றைம்பது பிராங்க்கூடத் தேறாது."
தலையாட்டினேன்.

மாதக் கடைசி. கணக்கை மூடும் நாள்.
வெளியே தண்ணீர் லொறியொன்று
வடக்கே திரும்ப விளக்குப் போடுகிறது.
பற்றும் வரவும் ஒருமுறை பார்த்தேன்.
அடுத்த மாதத்துக்குக் கொண்டுசெல்லும் கட்டத்தில்
பதினான்கு என்று அடித்துவிட்டுக்
கோட்டை எடுத்தேன்.