மஞ்சப்பை

பதினாறு நாளாய் எங்கள் வீடு
இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது.
கொண்டல் வலத்தோளில் கைவைத்துத் தள்ள,
சோறும் சாய்ந்தே வெந்தது:
குக்கரின் ஒரு பக்கம் குழைவு, மறுபக்கம் அரிசி.

மூன்று பேர். ஆளுக்கு மூன்று மணிநேரக் காவல்.
ஒருவர் எழ ஒருவர் விழும் படுக்கையில்
எப்போதும் யாருடைய சூடோ இருந்தது.
சவரிராயன் தூக்கத்தில் பிரெஞ்சில் திட்டுவார்,
விழித்திருந்தால் தமிழில்.
நிரஞ்சனிக்கு முதல் நான்கு நாளும் வாந்தி.
ஐந்தாம் நாள் வெங்காயம் கேட்டாள்.
பச்சையாய், ஆப்பிளைப் போலக் கடித்தாள்.
அப்புறம் அவளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

நடுக்கடலில் அதிகம் இருப்பது
தண்ணீர் இல்லை, வேலை.
தாமான் எங்கே தேய்கிறது, எந்த முடிச்சு நழுவுகிறது,
அடித்தட்டில் தேங்கியது உப்பா நல்ல தண்ணியா,
விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.
உப்பென்றால் கடல் உள்ளே வருகிறது.
நல்ல தண்ணியென்றால் குடிநீர் வெளியே போகிறது.
இரண்டில் எது மோசமென்று
ஒன்பதாம் நாள் இரவு வெகுநேரம் வாதாடினோம்.

பத்தாம் நாள் காற்று செத்தது.
கல்யாணம் முடிந்த பந்தல்போலப் பாய் தொங்கியது.
மறுநாள்தான் சோணாங்குப்பத்தில்
என் தங்கச்சி அஞ்சலாட்சிக்கு முகூர்த்தம்,
ஆறிலிருந்து ஏழரை.
அந்த நேரக் காவல் என்னுடையது.
மேகம் மூடிய விடியலில்
ஒரு பிடி அரிசி எடுத்து மேற்கே வீசினேன்.
ஏதோ சின்ன மீன்கள் வந்து கொத்தின.
படியில் நின்று பார்த்த சவரிராயன்
திசைகாட்டியைத் தட்டிக் காட்டினார்:
"ராத்திரி படகு சுத்திடுச்சுடா.
நீ அந்தமானுக்கு அட்சதை போட்டிருக்க."

பிறகு காற்று வந்தது. எல்லாவற்றையும்போல
கேட்காதபோது.

கரை முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது.
ஆலைப் புகை, அதன் பின்னால் கருவாடு,
அதன் பின்னால் கடலூர் முதுநகரின் விளக்குகள்.
வெளிநாட்டிலிருந்து வரும் கலம்
மஞ்சள் கொடி ஏற்றி நிற்க வேண்டும்.
யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவேண்டாம்,
அதிகாரி வந்து முத்திரை குத்தும்வரை
நாங்கள் எந்த நாட்டிலும் இல்லை என்று பொருள்.
எங்கள் கொடியை ஏழாம் நாள் சூறை கொண்டுபோயிருந்தது.

பெட்டியைக் குடைந்தேன்.
சவரக்கத்தியும் பல்பொடியும் சுற்றிவைத்த
தாம்பூலப் பை கிடைத்தது,
பத்திரிகையோடு சேர்த்தே அடித்து வந்தது.
தையலைப் பிரித்து, கயிறு கோத்து
ஏற்றினோம்.
"சோணாங்குப்பம் அஞ்சலாட்சி – சின்னூர் கபிலன்
வருகைக்கு நன்றி"
என்று படபடத்தது சட்டம்.

அன்று சனிக்கிழமை. அதிகாரிக்குத் திங்கள்தான் வேலை.
தொலைநோக்கியில் எங்கள் மாடி தெரிந்தது,
நீலத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது,
அதன் மூடி யாரோ சரியாகப் போடாமல் விட்டிருந்தது
தெரிந்தது.
கத்தினால் கேட்காது. நீந்தினால் குற்றம்.

சாயங்காலம் ஒரு ஃபைபர் படகு வந்தது.
பத்துப் பாகம் தள்ளி இன்ஜினை அணைத்தான்
மணிக்கட்டில் இன்னும் காப்பு அவிழ்க்காத ஒருவன்.
புகைப்படத்தில் பார்த்ததைவிடக் கறுப்பு.
நெடுநேரம் அண்ணாந்து படித்தான்.
"மச்சான்,
எம்பேர எதுக்குக் கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க?"

கல்யாணத்துக்கு வராதவன் சொல்வதற்கென்று
கடல் முழுக்க யோசித்து வைத்திருந்தேன்.
"கிட்ட வராதீங்க மாப்ள" என்றேன்.
"சரி" என்றான். வலையில் கிடந்த ஒன்றை எடுத்தான்,
எறியலாமா என்று பார்த்தான்,
நிரஞ்சனி கூடாதென்று கையசைக்கவும்
திரும்ப வைத்தான்.

இன்ஜின் உறுமிற்று. அவன் கிளப்பிவிட்டுப் போன அலையில்
பதினாறு நாளில் முதல்முறை
வலப்பக்கம் சாய்ந்தோம்.
உள்ளே குக்கர் உருண்டு விழுந்தது.