வராத செலவு

இருக்கைக்குப் பின்னால் இரும்புப் பெட்டி.
விசிறிப் பெல்ட் இரண்டு, டீசல் ஃபில்டர்,
முழ நீள ரப்பர் ஹோஸ், கிளாம்ப், ஃப்யூஸ்,
பழைய பால் கேனில் கூலன்ட்.
"இந்தச் சுமைக்கும் சேர்த்து டீசல் குடிக்கிறது லாரி"
என்பான் பாதி முதல் போட்ட ரமிரோ.
குடிக்கட்டும், என்பாள் நெவெங்கா.

படகோனியாக் காற்றுக்கு வேறு வேலை கிடையாது;
ஆளைக் கண்டால் கதவைப் பிடித்து இழுக்கும்.
அடுத்த ஒர்க்‌ஷாப் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர்.
இழுவை வண்டிக்காரன்
போனிலேயே தொகையைச் சொல்லிவிடுவான்,
கணப்படுப்புக்குப் பக்கத்தில் இருந்தபடி.

ஜூலை இரவு. ரேடியேட்டர் ஹோஸ் பிளந்து
கண்ணாடியெங்கும் ஆவி.
எஞ்சின் ஆறும்வரை மாத்தே குடித்தாள்.
பிறகு
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஐம்பது நிமிடம்.
நழுவிய ஸ்பேனர் ஒரு நகத்தைக் கொண்டுபோனது.
வேலிக்கு அப்பால் நான்கைந்து குவானாக்கோக்கள்
பார்த்துவிட்டு நகர்ந்தன.

மாதக் கடைசியில் ரமிரோ எழுதினான்:
ஹோஸ், ஒன்று.
இழுவைக்கு நேரே கோடு.
பழுதுக்கூலிக்கு நேரே கோடு.
தாமத அபராதம், அதற்கும் கோடு.
"ஒன்றும் நடக்காத மாதம்" என்று
நோட்டை மூடினான்.

அவள் பெட்டியைத் திறந்து
காலி இடத்தில் புது ஹோஸ் வைத்தாள்.
பக்கத்தில்
ஒரு டப்பா பிளாஸ்திரி.