பெட்டிச் சீட்டு

பல்லடத்தில் ஆனி மாதம் தீக்குச்சி வேலைக்காகாது.
கணவாய் வழியே வருகிற காற்று
பாதி சிகாரை நமக்கு முன்னால் குடித்துவிடும்.
அதனால்தான் மில்லின் மொட்டை மாடியில்
தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே ஐந்து நாற்காலி,
சென்னியப்பனின் ஜெட் லைட்டர்.

கீழே நூல் கிடங்கு.
நாற்பதாம் நம்பர் நூலுக்கு என்ன ஈரப்பதமோ
அதேதான் நிகரகுவா இலைக்கும்: அறுபத்தைந்து.
பதினோரு வருடக் குவாலிட்டி வேலையில்
நானாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.
கோன்களுக்குப் பின்னால், மூன்றாவது தட்டில் பெட்டி.
முதலாளிக்குத் தெரியும்.
தெரியாத மாதிரி மாதம் ஒன்று எடுத்துக்கொள்வார்.

ஆளுக்கு ஐயாயிரம், ஐந்து பேர், ஐந்து மாதம்.
ஏலம் எடுத்தவர் பெட்டி வாங்க வேண்டும்.
எந்த நாடு, எத்தனை தடிமன்,
அது அவர் பாடு.
தள்ளு என்பது சும்மா பேருக்கு, நூறு, நூற்றைம்பது.
ஒருமுறை சென்னியப்பன் முன்னூறு என்றதற்கே
"ஏனுங், கோழிக்குச் சீக்குங்களா?" என்றார் அமீன்.

தலையை வெட்டுவது பல் டாக்டர் மேகலா.
"ரெண்டே மில்லிமீட்டர். மேல போனா தொப்பி அவுந்துரும்."
வாரமெல்லாம் ஊரார் கறையைச் சுரண்டுகிறவர்
சனிக்கிழமை தன் கறைக்கு வருவார்.
"தப்புப் பண்றதுன்னா ஒழுங்காப் பண்ணோணும்ங்."

பெட்டிக்குள் இருக்கிற சீட்டில் கோகோ என்று போட்டிருக்கும்,
தோல் என்று, ஏதோ மரம் என்று.
சென்னியப்பன் கண்ணை மூடி இழுத்து
"கடலைப் புண்ணாக்கு" என்பார்.
கொஞ்சம் கழித்து, "கருகுன தேங்காத்தொட்டி."
அதற்கப்புறம் எங்களுக்கும் அதுதான் தெரியும்.

நூருல் அமீன் ஸ்டென்ட் வைத்ததோடு விட்டுவிட்டார்.
சீட்டை விடவில்லை.
பற்றவைக்காத ஒன்றைக் காதோரம் உருட்டி
இலை முறுகுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.
தன் பங்கை எங்களுக்கே விற்பார்.
கிளியரிங் ஏஜெண்ட், கமிஷன் உண்டு.

பற்றியிருக்கும்போது ஆர்டர் பேச்சு கூடாது,
நூல் விலை கூடாது.
சட்டம் போட்டது ரெங்கராஜ்.

இந்த மாதம் மேகலா நூறில் ஆரம்பித்தார்.
நூற்றைம்பது என்றேன்.
ரெங்கராஜ், "எட்டாயிரம்."

காற்று தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனது.
யாரும் கோழியைப் பற்றிக் கேட்கவில்லை.
அவருடைய பன்னிரண்டு நிட்டிங் மெஷினில்
எத்தனை ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.
நூல் மூட்டை போன மாதம் நாலு,
இந்த மாதம் இன்னும் வண்டி வரவில்லை.
நாளைக்குச் சம்பள நாள்.

பதினேழாயிரம் கொடுத்தேன்.
எப்போதும் எண்ணாமல் பையில் வைக்கிறவர்
எண்ணினார்.
"பெட்டி அடுத்த மாசம்ங்."
"அதுக்கென்னுங் அவசரம்" என்றோம்,
நாலு பேரும் ஒரே நேரத்தில்,
கொஞ்சம் சத்தமாக.

பழைய பெட்டியில் மிச்சம் மூன்று.
அமீன் தன் கையில் இருந்ததை
மேசையில் அவர் பக்கமாக உருட்டிவிட்டார்.
கமிஷன் பேசவில்லை.
மேகலா வெட்டினார். சென்னியப்பன் கை குவித்துத் தீ காட்டினார்.
ஒன்றரை அங்குலம் சாம்பல் வளர்ந்தது,
அந்தக் காற்றிலும் விழவில்லை.
"நல்ல கட்டுங்" என்றார் சென்னியப்பன்.
ரெங்கராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தள்ளு, ஆளுக்கு ஆயிரத்து அறுநூறு.
அவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டு
முதல் ஆளாக இறங்கிப் போனார்.
மற்றது ஆஷ்ட்ரேக்கு அடியில் படபடத்தது.
கடைசி வண்டி கிளம்பும்வரை
யாரும் தொடவில்லை.

கிடங்கில் லைட் போட்டேன்.
காலிப் பெட்டிக்குள் ஆறாயிரத்து நானூறை வைத்து
கோன்களுக்குப் பின்னால் தள்ளினேன்.
பழக்க தோஷம்,
மீட்டரைப் பார்த்தேன்.
அறுபத்தைந்து.