பத்தொன்பது இடைவெளி

வேலந்தாவளம். பங்குனி. மாலை ஏழு பன்னிரண்டு.
கோழிக் காய்ச்சல் ஓயும்வரை
டயர்களுக்கு மருந்தடிக்கத் தினக்கூலிக்கு எடுத்திருக்கிறார்கள் என்னை.
கேரளத்திலிருந்து காலிக் கூண்டுகளோடு திரும்பும் லாரி
என் முன்னால் நின்று
ஆறு காலும் நனைந்து ஊருக்குப் போகும்.

தென்மேற்கே, தடுப்புக் கம்பத்துக்கு மேலே
ஒரு புள்ளி எழ வேண்டும்.
விமானமென்றால் சிவப்பு, பச்சை காட்டும்.
இது வெறும் வெள்ளை.
இருக்கும். இருக்காது.
இருக்கும்.

எதையோ மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுக்
கழன்றுகொண்ட ராக்கெட்டின் மிச்சக் கட்டை.
பிடித்து நிறுத்த ஆளில்லாமல் குட்டிக்கரணம் போடுகிறது.
நமக்கு எப்போதோ விழுந்துவிட்ட சூரியனை
புரளலுக்கு ஒருமுறை
என் பக்கம் தட்டிவிடுகிறது.

முதல் வெட்டுக்கு போனில் நொடியை ஓடவிடு.
இருபதாவதில் நிறுத்து. வகு.
ஒரு மாதம் முழுக்க இருபதால் வகுத்தேன் மடைச்சி.
கூண்டுக் கம்பிகளை எண்ணிய ராத்திரியில்தான் உறைத்தது:
இருபது கம்பிக்குப் பத்தொன்பது சந்து.
நான் அளந்துகொண்டிருப்பது வெளிச்சத்தையே அல்ல.

தையில் நாலு புள்ளி மூன்று மூன்று.
மாசியில் நாலு புள்ளி நாலு ஏழு.
களைத்து வருகிறது.
மருந்து ஸ்டாக் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து
முன்னோக்கி எழுதி வருகிறேன்.
ஆய்வாளர் அங்கமுத்து புரட்டிப் பார்த்தார்.
“என்னம்மா இது, வட்டிக் கணக்கா?”
ஆமாங்க.
“ஏறிக்கிட்டே போகுதே.”

இன்று பதினொன்றாவதில் வந்து மறைத்தது லாரி.
தார்ப்பாய், ஈரச் சிறகு, அந்த நெடி.
மருந்துக் குழாயோடு முகப்பைச் சுற்றி ஓடினேன்.
“அக்கா, பின் டயரு!”
பன்னிரண்டை நான் பார்க்கவில்லை.
பார்க்காததை எண்ணக் கூடாது,
மனசுக்குள் தாளம் போட்டு ஒப்பேற்றக் கூடாது.
யாரும் போடாத சட்டம். நானே போட்டது.

கம்பத்துக்கு அந்தப் பக்கம்,
கள்ளு வண்டிக்கு பர்மிட் பார்க்கும் பவித்ரன்
கழுத்தை அண்ணாந்து கையை உயர்த்தி,
“இப்போ!”

மலையாளத்தில்தான் சொல்லியிருப்பார்.
வௌவாலைப் பார்க்கிறார் என்றல்லவா
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பதிமூன்று எனக்கே கிடைத்தது.
இருபதில் அமுக்கினேன்: எண்பத்தேழு புள்ளி நாலு.
தென்னைகளுக்கு மேலே இன்னும் மூன்று வெட்டு;
நாலாவதற்குக் காத்திருந்தேன்,
பூமியின் நிழல் அங்கே தொடங்குகிறது போல.

நாலு புள்ளி ஆறு.
பன்னிரண்டுக்கு நேராக ‘ப’ என்று போட்டிருக்கிறேன்.
அங்கமுத்து கேட்டால்
பாக்கி என்று சொல்லிக்கொள்ளலாம்.

பின் டயர் இன்னும் நனையவில்லை.