கோட்டைவாசல் இறக்கம்

மணல்மூட்டை ஐநூறு கிலோவோடு
கோட்டைவாசலில் திரும்பி
புளியரைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம்.
மழை விட்டிருந்தது.
டீசல் வண்டிப் பழக்கம், மைதீன் பிச்சைக்கு:
இறக்கம் கண்டால் சாவியை அணைப்பார்.

மூன்றாவது வளைவில்
சீட்டுக்கு அடியில் ஒரு வெடி.
பிறகு அந்த வாடை,
எரிந்த பிசினும் கொஞ்சம் மீனும்.

பிரேக், கல், கட்டைச்சுவர்,
பின்னால் அன்னாசி லாரியின் ஹாரன்.
எல்லாம் அடங்கியபின் கேட்டார்:
"நிறுத்திட்டேனே எஞ்சினியரம்மா,
பிறகும் எதுக்கு வெடிக்கணும்?"

சாவிக்கு பேட்டரியைத் தெரியும்.
காந்தத்தைத் தெரியாது.
சக்கரம் சுழல்கிறவரை
அது பாட்டுக்கு மின்சாரம் பிறப்பிக்கும்,
வேகத்துக்கு ஏற்ற அழுத்தத்தில்,
போக இடம் இருக்கிறதா என்று பார்க்காமல்.
பேட்டரி கழன்றிருந்தது.
ஆறு சுவிட்சும் கையை எடுத்திருந்தன.
மிஞ்சியது ஒரு கெப்பாசிட்டர்.
பாதுகாப்பு என்று தலைப்பிட்டு
அந்த வரியை எழுதியது நான்தான்.

ஷெட்டில் பினோஜ்
இரண்டு கொட்டேஷனை விரித்தான்.
சிலிக்கான் கார்பைடு: அது சுடாது,
விலை சுடும்.
பழைய சிலிக்கான்: மலிவு,
ஆரியங்காவு ஏற்றத்தில் விசிறி கேட்கும்.
சதுர அலையா சைன் அலையா என்று
போன மாதம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.
வண்டி முனகக் கூடாது என்பேன் நான்.
முனகினாலும் ஏறட்டும் என்பான் அவன்.
இன்று இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு
"ஏது வாங்கியாலும்" என்றான்,
"அணைக்கும்போ அது எந்து செய்யும்?"

கோளாறென்றால் கையை எடு.
இத்தனை வருஷம் படித்தது அதைத்தான்.
இந்த மோட்டாருக்கு அது பொருந்தவில்லை.
கீழ் மூன்று சுவிட்சையும் மூடினேன்.
மூன்று கம்பியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள
பிறந்தது செம்புக்குள்ளேயே சுற்றி
சூடாகி ஆறிப்போகும்.
மூடியே வைத்திருக்கக் கொஞ்சம் உயிர் வேண்டும்,
சாவி அணைந்தபிறகும்.
அதையும் காந்தமே கொடுக்கட்டும் என்று
ஒரு சின்ன சப்ளையை அங்கேயே கட்டினோம்.

வியாழக்கிழமை அதே வளைவு, அதே மூட்டைகள்.
"அணைங்க" என்றேன்.
மைதீன் என்னைப் பார்த்தார்,
கட்டைச்சுவரைப் பார்த்தார், அணைத்தார்.
வெடியில்லை. ஒரு ரீங்காரம்,
லேசான இழுப்பு.
"யாரோ பின்னாலேர்ந்து
சட்டையைப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.
பிடிக்கவில்லை போலும்,
அடிவாரம் வரை தோளைக் குலுக்கிக்கொண்டே வந்தார்.

பழைய சிலிக்கானுக்கே கையெழுத்துப் போட்டேன்.
மிச்சப் பணத்தில் கெப்பாசிட்டர், நல்லதாக, பத்து.
மீன்வாடை இன்னும் போகவில்லை.
மழையடித்தாலும்
பினோஜ் ஜன்னலைச் சாத்த விடுவதில்லை.