குத்துமதிப்பு

வெ.சா.வெ. அறக்கட்டளை, தேவகோட்டை.
மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, நான்.
புதன்கிழமைதோறும் பிள்ளைகள் வருவார்கள்,
எக்ஸ்ரே உறையை வெயிலுக்குத் தலையில் கவிழ்த்தபடி.

இதயத்தில் ஓட்டை என்றால் எங்களுக்கு எளிது.
பிளந்த உதடு, வளைந்த பாதம், புரை விழுந்த கண்,
எல்லாமே எளிது.
ஒரு காசோலை, ஒரு போட்டோ,
ஆறு மாதம் கழித்து இன்னொரு போட்டோ.
ஆண்டறிக்கையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால்
கொடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அழகுமீனா கொண்டுவந்ததில் போட்டோ எடுக்க ஒன்றுமில்லை.
புதுவயல் அரிசி ஆலையில் நெல் காயப்போடுகிறவள்,
கணுக்காலில் உமி.
மகள் கனிஷ்கா, நாலாம் வகுப்பு,
என் தண்ணீர்ச் செம்பை ஒரே மூச்சில் காலிசெய்துவிட்டு
இன்னும் இருக்கா என்றாள்.

சர்க்கரை. பிள்ளைக்கு.
"ஊசி மருந்து பெரியாஸ்பத்திரியில தர்றாங்க சார்.
இந்த ஸ்ட்ரிப்புதான்..."
ஐம்பது இருக்கும் டப்பா தொள்ளாயிரத்துச் சொச்சம்.
நாளுக்கு நாலு தடவை குத்திப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர்.
பன்னிரண்டு நாளில் டப்பா தரையைத் தொடும்.
அப்ப ஊசி எவ்வளவு போடணும்னு எப்படித் தெரியுது?
"குத்துமதிப்பாத்தான் சார்."
சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்தாள்,
அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டவள் மாதிரி.

எங்கள் ஏழாம் விதி: ஒரு பிள்ளைக்கு ஒருமுறை.
நல்ல விதிதான். வரிசை நெட்டை, பணம் குட்டை.
ஒரு டப்பா வாங்கிக் கொடுத்து
கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பியிருக்கலாம்.
பதின்மூன்றாம் நாளுக்கு எங்களிடம் படிவம் கிடையாது.

மாலையில் பேரேட்டைப் புரட்டினேன்.
பிள்ளைகள் பக்கத்துக்கு முந்தின பக்கம்,
அறக்கட்டளையின் மூத்த செலவு:
ஈசுவரன் சன்னதி விளக்கு, நாள் ஒன்றுக்கு உழக்கு நல்லெண்ணெய்.
எழுபது வருஷமாக அதே வரி.
நேற்றுத்தானே ஊற்றினோம், இன்றைக்கு எதற்கு என்று
ஒரு தணிக்கையாளரும் எழுதியதில்லை.
நான் மாதா கோயிலுக்குப் போகிறவன்.
இருந்தாலும் அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டு
பினாங்குக்குப் பேசினேன்.

சாத்தப்பன் அங்கே ராத்திரிச் சாப்பாட்டில் இருந்தார்.
"எத்தனை டப்பா, அருளானந்து?"
மாசத்துக்கு ரெண்டரை.
"எத்தனை மாசம்?"
அவ இருக்கிறவரைக்கும்.
கரண்டி தட்டில் படும் சத்தம்.
"அது உதவி இல்லையேப்பா. அது வந்து..."
சொல் கிடைக்கவில்லை அவருக்கு.
எடுத்துக் கொடுத்தேன்: கட்டளைங்க. விளக்குக்கு இருக்கே, அது மாதிரி.

வாட்ஸ்அப்பில் பேசக் காசில்லை,
ஆனாலும் அந்த மௌனம் செலவாகிக்கொண்டே இருந்தது.
"ஒருத்திக்குச் செஞ்சா பத்துப் பேர் வருவாக."
பதினோரு பேர் இருக்காங்க. விசாரிச்சிட்டேன்.
"மூணு பேருக்குப் பாப்போம். ஒரு வருஷம்."
மீதி எட்டை நான் ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டார்.

எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்கவில்லை.
மருத்துவ உதவி என்றால் ஏழாம் விதி இடிக்கும்.
எண்ணெய்க்கு அடுத்த வரியில், அதே மையில் எழுதினேன்:
மேற்படி. நாள் ஒன்றுக்கு நாலு சொட்டு.

அடுத்த புதன் கனிஷ்கா டப்பாவைப் பிரித்து
மேசைமேலேயே எண்ணினாள். ஐம்பது.
"எல்லாத்தையும் குத்தலாமாம்மா?"
திருவிழாவில் ராட்டினச் சீட்டுக் கிடைத்த முகம்.

மார்ச்சில் தணிக்கை.
இழுப்பறையில் எட்டுப் பெயர்கள்,
கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்.
இப்போது மணி ஏழரை.
எட்டு வீட்டில் யாரோ பிள்ளையின் முகத்தைப் பார்த்து,
நாக்கு வறண்டிருக்கிறதா என்று பார்த்து,
ஊசியில் ஒரு கோடு ஏற்றுகிறார்கள்,
ஒரு கோடு குறைக்கிறார்கள்.